பாண் இல்லாத பாண் நூதனசாலை

அப்பா இலங்கையிலிருந்து வந்து மூன்றாவது கிழமையே ஜேர்மனியின் ஸ்ருட்காட் நகரம் அவருக்கு அலுத்துவிட்டது. ரீவியில் விளங்காத பாசை, வெளியில் கதைக்க ஆளில்லை. பின்னேரம் நடக்கக் கூட்டிக்கொண்டு போனால் எந்தக் கடையையும் நிமிர்ந்து பார்க்க மாட்டார். பேக்கரி வந்தால் மட்டும் நின்றுவிடுவார். கண்ணாடிக்கு வெளியே இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, உள்ளே அடுக்கியிருக்கும் கறுத்தப் பாண்களை ஒவ்வொன்றாகப் பார்ப்பார். "மேல் தோல் வெடிச்சிருக்குப் பார். கத்தியால கீறாமல் வைச்சிருக்கிறாங்கள். இல்லாட்டி வேணுமெண்டுதான் விட்டவங்களோ தெரியாது." உள்ளே நிற்கிற பெட்டை எங்களைச் சந்தேகமாகப் பார்க்கத் தொடங்க நான் மெல்ல இழுத்துக்கொண்டு வருவேன்.

அவர் பதினாறு வயதில் போறணைக்கு, அதுதான் பாண் சுடுகிற பெரிய அடுப்புக்கு, முன்னால் போய் நின்றவர். நாற்பது வருசத்துக்கு மேல் பாண் போட்ட மனிசன். இரவு ஒன்பது மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் விடிய நாலு மணிக்கு முதல் தட்டு வெளியே வரும். எங்களுக்கு அப்பா என்றால் பகலில் நித்திரை கொள்ளுகிற ஆள். அவருடைய காதுமடலுக்குப் பின்னால் எப்போதும் கொஞ்சம் மா ஒட்டியிருக்கும்.

உல்ம் நகரத்தில் பாணுக்கென்றே ஒரு நூதனசாலை இருக்கிறது என்று மகள்தான் சொன்னாள். பள்ளிக்கூடத்தால் போனவளாம். "அப்பப்பாவைக் கூட்டிக்கொண்டு போவம்." நான் இந்த நாட்டில் இருபத்தைந்து வருசம். உல்மை ரெயினில் நூறு தரம் கடந்திருப்பேன். ஒருநாளும் இறங்கினதில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனோம். அது பிழையான நாள் என்று பிறகுதான் விளங்கியது. அதைப் பின்னுக்குச் சொல்கிறேன்.

ஸ்ருட்காட் பக்கத்திலிருந்து போகிறவர்கள் இரண்டு மூன்று பேராகப் போனால் மாநில ரிக்கற் ஒன்றை எடுப்பது மலிவு. கிழமை நாட்களில் காலை ஒன்பது மணிக்குப் பிறகுதான் அது செல்லும். சனி ஞாயிறில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. விரைவு ரெயினில் ஏறக்கூடாது, ஏறினால் தண்டம். நின்று நின்று போகிற ரெயினில் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் கூட எடுக்கும். அதுவும் நல்லதுதான், பழைய பாதையில் கைஸ்லிங்கன் மலையேற்றம் வரும். புதுப் பாதை 2022 கடைசியில் திறந்த பிறகு வேக ரெயின்கள் மலைக்கு உள்ளால் போய்விடுகின்றன. முனிச் பக்கத்து ஆட்களுக்கு ஒரு செய்தி: பவேரியா மாநில ரிக்கற் எல்லை தாண்டி உல்ம் ஸ்ரேசன் வரைக்கும் செல்லும்.

ஸ்ரேசனிலிருந்து நடக்கிற தூரம். முட்டுவலிக்காரரான அப்பாவோடே பத்து நிமிசம்தான் எடுத்தது. கட்டடத்தைக் கண்டதும் அப்பா, "இது பேக்கரிக் கட்டடம் இல்லை. சாமான் போட்டு வைச்ச மண்டபம்," என்றார். சரியாகத்தான் சொன்னார். 1592இல் கட்டிய உப்புக் களஞ்சியம் அது, தானியமும் அடுக்கியிருக்கிறார்கள். கனத்த சுவர், தடித்த மரத்தூண்கள். நூதனசாலை இங்கே வந்தது 1991இல். ஆனால் தொடங்கியது 1955இல். பாணுக்கென்று உலகத்தில் முதன்முதலில் திறந்த நூதனசாலை இதுதான் என்கிறார்கள். இப்போதைய பெயர் "மியூசியம் ப்ரோட் உண்ட் குன்ஸ்ட்". பாணும் கலையும்.

தொடங்கியவர் வில்லி ஐசலன் என்ற உல்ம்காரர். பேக்கரிகளுக்கு மாவில் சேர்க்கிற சாமான்கள் செய்து விற்ற முதலாளி. மகன் ஹெர்மனும் சேர்ந்துகொண்டார். உழைத்த காசைப் பாண் சம்பந்தமான பழம்பொருட்களிலும் ஓவியங்களிலும் போட்டிருக்கிறார்கள். ஆனால் உள்ளே ஒரு பாண் கூடக் கிடையாது. பாண் என்பது அன்றன்றைக்குச் சுட்டு அன்றன்றைக்குத் தின்னுகிற சாமான், அதைக் கண்ணாடிக்குள் வைக்கக் கூடாது என்பது தொடங்கியவர்களின் கொள்கை.

இதை மகள் சொன்னபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. அப்பாவுக்குப் பிடித்துவிட்டது. "சரிதானே. நேற்றையப் பாணையே சனம் வாங்காது. நூறு வருசப் பாணை ஆர் பாக்கிறது?"

பொருட்களும் ஓவியங்களும் சிற்பங்களும் பக்கத்துப் பக்கமாக வைத்திருக்கிறார்கள். நான் வழக்கம்போல விளக்க அட்டைகளை வாசித்துக்கொண்டு மெதுவாக வந்தேன். அப்பாவுக்கு அட்டை விளங்காது. ஆகவே அவர் பொருளைத்தான் பார்த்தார். அன்றைக்கு நான் கற்றதில் பெரிய விசயம் அதுதான். நான் வாசித்ததில் முக்கால்வாசி மறந்துபோச்சு, அவர் பார்த்துச் சொன்னது நிற்கிறது.

மா குழைக்கிற மரத்தொட்டி ஒன்றுக்கு முன்னால் கால் மணித்தியாலம் நின்றார். நீளமான தொட்டி, பழுப்பு நிறம், எங்கள் ஊர் மாட்டுத் தொட்டியைப் போல வாய் அகன்று அடி ஒடுங்கினது. எனக்கு அது ஒரு பழைய பெட்டி, அவ்வளவுதான். அப்பா குனிந்து விளிம்பைக் காட்டினார். "இஞ்ச பார் தம்பி. இந்தப் பக்க விளிம்பு தேய்ஞ்சு வழுவழு எண்டிருக்கு. அந்தப் பக்கம் கூரா நிக்குது. குழைக்கிறவன் இந்தப் பக்கம்தான் நிண்டிருக்கிறான். வயிறும் துடையும் முட்டி முட்டித் தேய்ஞ்சது." பிறகு உள்ளே அடியில் சாய்வாகக் கிடந்த கீறல்களைக் காட்டினார். ஒட்டின மாவைச் சுரண்டின தகட்டின் தடம். எல்லாக் கீறலும் ஒரே சாய்வு. "வலக்கைக்காரன்." எங்கள் இருவருக்கும் அது துப்பறியும் கதை போல இருந்தது. அட்டையில் தொட்டியின் காலமும் ஊரும் இருந்தன. அதற்கு முன்னால் நின்ற மனிசனைப் பற்றி ஒன்றும் இல்லை.

கை நீட்டினார். தொட்டிருப்பார். மகள் மெல்லக் கையைப் பிடித்துவிட்டாள். மண்டபத்தின் மூலையில் நின்ற காவலாளி ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதற்குப் பிறகு இரண்டு அறைக்கு எங்களுக்குப் பின்னாலேயே வந்தார். கடைசியில் மகளிடம் விசாரித்தார். தாத்தா பேக்கரிக்காரர் என்றதும் மனிசனின் முகம் மாறிவிட்டது. போறணையின் சூட்டை எப்படிப் பார்ப்பீர்கள் என்று கேட்டார். அப்பா விளக்க, மகள் ஜேர்மனில் சொன்னாள்: விறகைப் போறணைக்கு உள்ளேயே எரிக்கிறது, தணலை வாரி வெளியே எடுக்கிறது, நனைத்த சாக்கைத் தடியில் கட்டி அடியைத் துடைக்கிறது, பிறகு ஒரு பிடி மாவை உள்ளே வீசுகிறது. மா உடனே கறுத்தால் சூடு கூட, பொறுக்க வேண்டும். மெல்லப் பொன்னிறமாக வந்தால் தட்டை ஏற்றலாம். காவலாளி தலையாட்டினார். தன் பாட்டியும் இப்படித்தான் மா வீசுவாராம், ஊர்ப் பொதுப் போறணையில்.

தொழில் தெரிந்த வயதான ஆளை இப்படியான இடத்துக்குக் கூட்டிப்போகிறவர்களுக்கு இரண்டு விசயம். முதலில் அவரைப் பார்க்க விடுங்கள், மொழிபெயர்ப்பைப் பிறகு தொடங்குங்கள். மற்றது, உள்ளே நிற்கிற வேலையாட்களிடம் அவர் யார் என்று சொல்லிவிடுங்கள். எங்களுக்குக் கிடைத்த நல்ல கதை எல்லாம் அப்படித்தான் கிடைத்தது. படியேற ஏலாதவர் என்றால் லிஃப்ட், இருக்கை பற்றி முதலே போன் பண்ணிக் கேட்டுவிடுவது நல்லது. நாங்கள் கேட்காமல் போய், அப்பா படியில் இரண்டு தரம் நின்று மூச்சு வாங்கினார்.

இடையில் ஒன்று. பாண், போறணை இரண்டுமே எங்கள் சொல் இல்லை. போர்த்துக்கீசன் விட்டுப்போனவை. பாவ், ஃபோர்னோ என்றதை நாங்கள் பாண், போறணை ஆக்கிவிட்டோம். சிங்களவரும் பான், போறணுவ என்றுதான் சொல்கிறார்கள். கோதுமை விளையாத தீவு, மா கப்பலில் வரவேண்டும். ஊர்க் கிழவிகள் கோதுமை மாவை இன்றைக்கும் அமெரிக்கன் மா என்றுதான் சொல்லுவார்கள். அப்படிப்பட்ட சாமான் எங்களுடைய காலைச் சாப்பாடாகிவிட்டது. சம்பலோடு, பருப்போடு, வாழைப்பழத்தோடு. இதை யோசித்தபடிதான் அங்கே நடந்தேன். சுற்றிவர இருந்த ஜேர்மன்காரருக்குப் பாண் என்றால் சொந்த மண். அவர்களுடைய பட்டியலில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாண் வகை இருக்கிறதாம். 2014இல் பாண் பண்பாட்டைத் தேசிய மரபுப் பட்டியலிலும் சேர்த்துவிட்டார்கள். எங்களுக்கு அச்சுப் பாண், றோஸ் பாண், பணிஸ். மூன்றோடு முடிந்துவிடும்.

றை என்கிற தானியத்து மாவைப் பற்றி மகள் சொன்னபோது அப்பா காது கொடுத்தார். கோதுமை மா குழைத்தால் றப்பர் போல இழுபடும், அந்த இழுவைதான் காற்றைப் பிடித்து வைத்திருக்கும். றை மாவில் அது இல்லை. புளிக்க வைக்காமல் சுட்டால் உள்ளே களி மாதிரி ஒட்டிக்கொள்ளும். ஆகவே நேற்றைய மாவில் ஒரு கட்டியை எடுத்து வைத்து இன்றைய மாவைப் புளிக்க வைப்பார்கள். "எங்கட மேத்திரி சொல்லுவார், அவற்ற காலத்தில ஈஸ்ற் இல்லையாம், கள்ளு விட்டுத்தான் பாண் போட்டவங்களாம்," என்றார் அப்பா. அப்பத்துக்குக் கள்ளு விடுகிறது எனக்குத் தெரியும். பாணுக்கும் விட்டார்கள் என்பதை இந்த வயதில், ஜேர்மனியில் வைத்துக் கேள்விப்படுகிறேன்.

நிறை பற்றிய கதைதான் அப்பாவை நன்றாகப் பிடித்துக்கொண்டது. ஐரோப்பா முழுக்கப் பழைய நகரங்களில் பாணின் விலையைவிட அளவைத்தான் சட்டம் போட்டுக் காத்திருக்கிறார்கள். நான் ஃப்ரைபுர்க் தேவாலயத்துக்கு ஒருமுறை போனபோது வாசல் மண்டபக் கல்லில் பாண் அளவுகள் செதுக்கியிருப்பதைப் படம் எடுத்து வைத்திருந்தேன். போனைத் திறந்து அப்பாவுக்குக் காட்டினேன். 1270, 1317, 1320 என்று ஆண்டு போட்டு வட்டமும் நீள்வட்டமும். சந்தையில் வாங்கின பாணைக் கொண்டுவந்து கல்லோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆண்டுக்கு ஆண்டு அளவு மாறுகிறது; 1315 முதல் 1317 வரை ஐரோப்பாவைப் பெரும்பஞ்சம் வாட்டின காலம் அது.

"அதுதான் பேக்கரியின்ர கணக்கு," என்றார் அப்பா. "விலையை ஏத்தினால் சனம் கத்தும். பாணைச் சுருக்கினால் ரெண்டு கிழமைக்கு ஒருத்தருக்கும் விளங்காது."

கள்ள நிறை போட்ட பேக்கரிக்காரனைக் கூட்டில் அடைத்து ஆற்றில் அமிழ்த்தி எடுக்கிற தண்டனை இந்தப் பக்கங்களில் இருந்ததை மகள் சொன்னாள். அப்பா சத்தம் போட்டுச் சிரித்தார். "எங்கட வழுக்கியாறு மாரிக்குத்தானே ஓடுறது. கோடையில களவெடுத்தால் தப்பலாம்."

சிரித்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தார். பிறகு தானாகவே சொன்னார். ஒரு றாத்தல் பாண் என்றால் 16 அவுன்ஸ் நிற்க வேண்டும், அதற்குப் பச்சை மா 18 அவுன்ஸ் வெட்ட வேண்டும், மிச்சம் போறணையில் ஆவியாகப் போய்விடும். அவர் வேலை செய்த ஓர் இடத்தில் முதலாளி பதினேழரை வெட்டச் சொன்னாராம். வெட்டினாராம். "அரை அவுன்ஸ்தானே. ஆனால் ஒரு போறணைக்கு எத்தினை றாத்தல் எண்டு கணக்குப் பார்." இலங்கையில் றாத்தல் போய்க் கிலோ வந்து எத்தனையோ வருசம், சனம் இன்னும் "ஒரு றாத்தல் பாண்" என்றுதான் கேட்கிறது. 2024இல் அரசாங்கம் திரும்பவும் வர்த்தமானியில் போட்டது: பாண் 450 கிராம் நிற்க வேண்டும், குறைந்தால் 13.5 கிராமுக்குள்தான் குறையலாம். எழுநூறு வருசத்துக்கு முதல் கல்லில் செதுக்கினதையும் இதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

பசியைப் பற்றிய பகுதியில் நாங்கள் மூன்று பேரும் மூன்று விதமாகப் போனோம். மகள் ஆர்வமாக வாசித்தாள். 1815 ஏப்ரலில் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. சாம்பல் வானத்தை மூடி அடுத்த வருசம் இங்கே கோடையே வரவில்லை. பயிர் வயலில் அழுகிப்போய் 1816, 1817இல் அப்போது இந்தப் பக்கத்து அரசாக இருந்த வூர்ட்டம்பேர்க் முழுக்கப் பட்டினி. அந்தப் பஞ்சம் கழிந்த பிறகு மன்னர் வில்ஹெல்மும் அரசி கத்தரினாவும் 1818இல் ஹோகன்ஹைம் விவசாயக் கல்லூரியையும் கான்ஸ்ராட்டில் ஒரு விவசாய விழாவையும் தொடங்கினார்கள். அந்த விழாதான் நாங்கள் ஒவ்வொரு புரட்டாதியும் பிள்ளைகளை ராட்டினம் ஏற்றக் கூட்டிப்போகிற கான்ஸ்ராட் திருவிழா. நடுவில் தானியமும் பழமும் சோடித்த உயரமான தூண் ஒன்று நிற்கும். அதற்குக் கீழே நின்று எத்தனை படம் எடுத்திருப்போம். ஏன் நிற்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை.

அப்பாவை நிறுத்தியது முதலாம் உலகப் போர்க் காலத்துக் கதை. 1915இல் ஜேர்மனியில் பாண் அட்டை வந்தது. அட்டை இருந்தால்தான் பாண். கோதுமை போதாமல் உருளைக்கிழங்கு மாவைக் கலந்து போர்ப் பாண் என்று போட்டார்கள்.

"கூப்பன்," என்றார் அப்பா.

பிறகு மகளுக்குச் சொல்லத் தொடங்கினார். எழுபதுகளின் நடுவில், பிரதமர் சிறிமா அம்மையார் காலத்தில், மா தட்டுப்பாடு. பாணுக்குச் சனம் இரவே வந்து கியூவில் நிற்கும். தலைக்கு அரை றாத்தல். கடைசித் தட்டு முடிந்த பிறகும் ஆட்கள் நிற்பார்கள். உள்ளே ஒன்றும் இல்லை என்று வெளியே போய்ச் சொல்லவேண்டிய வேலை பேக்கரியில் ஆகச் சின்னவருக்கு. அது அவர். 1990க்குப் பிறகு, போர்க் காலத்தில், வடக்குக்குப் பொருளாதாரத் தடை. அதைப் பற்றி அவர் அதிகம் கதைக்கவில்லை. போறணை பல நாள் ஆறிக் கிடந்தது என்றார். "போறணையை ஆற விடக் கூடாது பிள்ளை. ஆறினால் கல்லுக்கு ஈரம் ஏறிடும். பேந்து ஒரு நாள் முழுக்க விறகு தின்னும்." அவ்வளவுதான் சொன்னார்.

ஜேர்மன் கலைஞர் கேத்தே கோல்விட்ஸின் 1924ஆம் ஆண்டு கல்லச்சுப் படம் ஒன்று உண்டு. தலைப்பு 'பாண்!'. முதுகு காட்டிக் குனிந்திருக்கிற ஒரு தாய், சேலைத்தலைப்பைப் பிடிப்பது போல உடுப்பைப் பிடித்து இழுக்கிற இரண்டு பிள்ளைகள். மகள் அதைப் போனில் எடுத்துக் காட்டினபோது அப்பா படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "இவ பிள்ளையளுக்கு முகம் காட்ட மாட்டா," என்றார்.

இந்தப் பகுதியை முதலில் பார்க்காதீர்கள் என்பது என் அபிப்பிராயம். தொழில், கருவி, கதை எல்லாம் முடித்து ஆறுதலாக வாருங்கள். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை ஓடிக் கடந்துவிடலாம் என்று நினைக்காமல் ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். எல்லாமாக எங்களுக்கு மூன்று மணித்தியாலம் பிடித்தது.

வெளியே வந்தபோது நல்ல பசி. மூன்று மணித்தியாலம் பாணைப் பற்றியே கேட்டுவிட்டு ஒரு துண்டு பாணும் கண்ணில் படாமல் வந்திருக்கிறோம். அப்பாவுக்கு நல்ல றைப் பாண் வாங்கிக் கொடுக்கலாம் என்று பழைய நகரத்துக்குள் நடந்தோம். முதல் பேக்கரி பூட்டு. இரண்டாவது பூட்டு. மூன்றாவதில் உள்ளே வெறும் தட்டுகள், கதிரைகள் மேசைக்கு மேலே கவிழ்ந்து கிடந்தன. ஞாயிற்றுக்கிழமை பேக்கரிகள் காலையில் சில மணித்தியாலம்தான் திறக்கும் என்பது இந்த நாட்டில் இருபத்தைந்து வருசம் இருக்கிற எனக்குத் தெரியாத விசயமா? தெரியும். நினைவு வரவில்லை. மகள் என்னைப் பார்த்த பார்வையை எழுத ஏலாது. அப்பாதான், "பாண் முடிஞ்சுது எண்டு சொல்ல ஒரு பொடியன் கூட வெளியில நிக்கேல்லையே," என்றார்.

ஆகவே கிழமை நாளில் அல்லது சனிக்கிழமை போங்கள். ஞாயிறுதான் வசதி என்றால் காலையிலேயே பாணை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பிறகு நூதனசாலைக்குப் போங்கள். திறந்திருக்கிற நாளையும் நேரத்தையும் அவர்களுடைய தளத்தில் முதல்நாள் பார்த்துவிடுவதும் நல்லது.

போகிற வழியில் 161 மீற்றர் கோபுரம் கொண்ட பெரிய தேவாலயத்தையும் பார்த்தோம். மகள் மேலே ஏறினாள். நானும் அப்பாவும் கீழே வாங்கில் இருந்தோம். அதைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

கடைசியில் ஸ்ரேசனுக்குள் இருந்த கடையில்தான் பாண் கிடைத்தது. ஞாயிறில் ஸ்ரேசன் கடைகள்தான் கைகொடுக்கும். ஒரு கிலோ என்று எழுதின கலப்பு மாப் பாண் ஒன்றும், முடிச்சுப் போட்ட வடிவத்தில் சுடுகிற ப்ரெட்சல் மூன்றும். ப்ரெட்சலைப் பார்த்து, "இது அங்க நூதனசாலையில பாத்த பேக்கரிச் சங்கத்துச் சின்னமெல்லே," என்று கண்டுபிடித்துவிட்டார். பாணை வெட்ட விடவில்லை. முழுதாகவே தரச் சொன்னார். ரெயினில் மடியில் வைத்துக்கொண்டு, அடியைப் பெருவிரலால் தட்டிச் சத்தம் கேட்டார். வெறும் பெட்டியைத் தட்டின மாதிரிச் சத்தம் வந்தால் உள்ளே வெந்திருக்கிறது. "வெந்திருக்கு."

வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் குசினிக்குள் போனார். மனைவி கேக் செய்கிற மின் தராசை மேசையில் வைத்து, சுற்றியிருந்த கடதாசியைக் கழற்றிவிட்டுப் பாணைத் தூக்கி வைத்தார். மூன்று பேரும் குனிந்து இலக்கத்தைப் பார்த்தோம். 1,004.

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொருக்காப் பார்த்தார். "எத்தினை வெட்டியிருப்பான்?" என்று தனக்குள் கணக்குப் போட்டார். பிறகு சம்பல் இருக்கிறதா என்று கேட்டார்.